ஒத்தை விசில்

திருப்பூருங்களா? திருப்பூர்ல எங்கீங்க, பஸ் ஸ்டாண்டா, வாட்டர் டேங்க் ஸ்டாப்பா? வாட்டர் டேங்குங்களா, சரி. இந்தாங்க டிக்கெட்டு. ரூபாயோட சேத்து ஒரு சீட்டையும் குடுத்துட்டீங்க பாருங்க, வச்சுக்கங்க. நான் படிக்கலீங்க. கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான். ஹெப்சிபா மேடம், பனியன் கடைக்கு மேல ரெண்டாவது மாடி, பதினொண்ணரை மணி.

என்னங்க? உங்களுக்கு இல்லீங்களா? சிநேகிதருக்கா? அட, அதுக்கென்னங்க, இருக்கட்டும். சிநேகிதருக்கு ஒண்ணுன்னா நாமதானே போயி விசாரிக்கோணும். நானும் அங்க எனக்காகப் போகலீங்க. எம்பட பொண்டாட்டி நிம்மதிக்காகப் போனேன். எனக்கு ஒண்ணுமே இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஆறு தடவை போனேன்.

சித்த நவுந்துக்கங்க, நானும் இப்படி உக்காந்துக்கறேன். அடுத்த ஸ்டாப்புக்கு இன்னும் நேரம் இருக்குது. உங்க சிநேகிதருக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்க மாட்டேனுங்க. அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விசயம். ஆனா அந்த ரூமுக்குள்ள என்ன பண்ணுவாங்கன்னு தெரியாமப் போனா மனுசன் பாதிப் படியிலயே திரும்பிருவான். நானே ரெண்டு வாட்டி திரும்பிட்டேன். பயமெல்லாம் இல்லீங்க. கீழ ஒரு கடைல டீ நல்லாருக்கும், அதுக்காக.

எம்பேரு வெள்ளியங்கிரி. இந்த ரோட்டுல இருபத்திரண்டு வருசமா கண்டக்டரு. அதா முன்னால, தலைல முடி கம்மியாத் தெரியுது பாருங்க, அவன் நாச்சிமுத்து. பதினாலு வருசமா அவன் ஓட்டறான், நான் டிக்கெட் குடுக்கறேன். எங்களுக்குள்ள பேச்சே கம்மிங்க. எல்லாம் விசில்தான். ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு அடிச்சாப் போ. கட்டுன பொண்டாட்டி சொல்றதைக்கூட அவன் ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் செய்வான். என் விசிலுக்கு மட்டும் மறுபேச்சே கிடையாது. கடைசில அதுவே வினையாப் போச்சு.

போன வருசம் சித்திரைங்க. காலைல ட்ரிப்பு. எங்களுக்கு நாலு நிமிசம் பின்னால இன்னொரு கம்பெனி பஸ்ஸு வரும். அவன் முந்திட்டான்னு வைங்க, அடுத்த ஸ்டாப்புல நிக்கற அத்தனை ஆளும் அவனுக்கு. அதனால எனக்கு அப்பெல்லாம் முன்னால ரெண்டு கண்ணு, பின்னால ரெண்டு கண்ணு. கரட்டுப்பாளையம் பிரிவுல, சந்தைக்கு ரோடு பிரியற எடத்துல, பழனாத்தாக்கா இறங்குச்சு. வாராவாரம் எங்க பஸ்ஸுலதான் முருங்கைக்காய் கொண்டு வரும். மூட்டை இறங்கிருச்சு. அக்காவுக்கு ஒரு காலும் இறங்கிருச்சு. நான் திரும்பிப் பின்னால பாக்கறேன், அந்த பஸ்ஸோட நெத்தி தெரியுது.

அடிச்சேன் ரெண்டு.

இன்னொரு காலு படிலதாங்க இருந்துச்சு. சீலை படிக்கட்டுத் தகரத்துல மாட்டிக்கிச்சு. பத்தடி இழுத்துட்டுப் போயிருச்சு. ரோடெல்லாம் முருங்கைக்காய். எனக்கு அந்த முருங்கைக்காய்தான் தெரியுது. அதுக்கப்பறம் ஒண்ணும் தெரியல. ஆரு தூக்குனா, ஆரு ஆம்புலன்ஸுக்குச் சொன்னா, ஒண்ணும் ஞாபகம் இல்ல.

உசுருக்கு ஒண்ணும் ஆகலீங்க, வெசனப்படாதீங்க. இடது காலு ரெண்டு எடத்துல முறிஞ்சு போயி கம்பி வச்சாங்க. போலீசு வந்து கேட்டா அந்தக்கா என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "எம்பட சீலைதான் மாட்டிருச்சு சாமி, அந்தப் பையனை ஒண்ணும் பண்ணீராதீங்க." எனக்கு நாப்பத்தெட்டு வயசுங்க. பையனாமா. ஒரு வார்த்தை திட்டலீங்க. நாசமாப் போன்னு ஒரு வார்த்தை. நம்ம சனத்துக்கு அது என்ன பெரிய விசயமா? டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லீன்னு சொன்னா என்னென்ன திட்டறாங்க. காலை முறிச்சதுக்கு ஒண்ணுமே இல்ல. அதைத்தான் என்னால பொறுக்க முடியல.

இருங்க, ஸ்டாப்பு வருது. இப்ப வந்துடறேன்.

ம், வந்துட்டேன். ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ஆமாங்க, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நான் கீழ இறங்குவேன். இறங்கி, படிக்கட்டுல ஆரோட காலும் துணியும் இல்லீன்னு பாத்துட்டுத்தான் விசில். பயமெல்லாம் இல்ல, ஒரு பழக்கம். இந்த பஸ்ஸுக்கு இப்ப லேட்டு பஸ்ஸுன்னு பேரு வச்சுட்டாங்க. வச்சுக்கட்டும். விசில் சத்தம் கேட்டீங்களா? நல்ல விசில். பன்னெண்டாவது விசிலு இது.

மத்த பதினொண்ணும் ரிப்பேருங்க. அந்த விபத்து நடந்து ஒரு வாரம் கழிச்சு வேலைக்கு வந்தேன். மொத ஸ்டாப்புல விசிலை வாயில வச்சு ஊதறேன், காத்துதான் வருது. சரி, உள்ள உருள்ற தக்கை சிக்கிருச்சுன்னு புதுசு வாங்குனேன். அதுவும் அப்படித்தான். பிளாஸ்டிக்குல வாங்குனேன், பித்தளைல வாங்குனேன், ஸ்கூல் பி.டி. வாத்தியாரு வச்சிருக்கற மாதிரி கயிறு போட்டது வாங்குனேன். எல்லாம் டூப்ளிகேட்டு. கடைக்காரன் வாங்கி ஊதுனா ஊரே திரும்பிப் பாக்குது. எங்கிட்டக் குடுத்தா ஊமையாப் போயிருது. அவன் ஏதோ சூட்சுமம் பண்றான்னு அவங்கூடச் சண்டையே போட்டேன்.

அப்பறம் விசிலே வேண்டாமுன்னு ரைட்டு ரைட்டுன்னு கத்திப் பாத்தேன். கத்தலாம்னு வாயைத் தொறந்தா தொண்டைல ஏதோ வந்து அடைச்சுக்கும். கம்பில காசை வச்சுத் தட்டுனேன். நாச்சிமுத்துக்குக் கேக்காது. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் பஸ்ஸு நின்னது நின்னபடி நிக்கும், சனமெல்லாம் கத்தும், நான் வேர்த்து வடிஞ்சுட்டு நிப்பேன். ஊட்டுல முருங்கைக்காய்ச் சாம்பாரு வச்சா நான் தட்டை அக்கட்டால தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுருவேன். அதுவும் பயம் இல்லீங்க. முருங்கைக்காய் எனக்குச் சூடு.

மொதலாளி ஏழு மாசம் பொறுத்தாரு. பஸ்ஸைக் கழுவற எடத்துல உக்காத்தி வச்சாரு. அப்பறம் கூப்பிட்டு, "வெள்ளியங்கிரி, மாசி முடியறதுக்குள்ள விசில் அடிச்சாப் பஸ்ஸுல ஏறு. இல்லாட்டி வேற வேலை பாத்துக்க, எனக்கு வேற வழியில்ல"ன்னுட்டாரு. எனக்கு வேற என்னங்க தெரியும்? இந்த ரோட்டுல எந்த வளைவுல ஆரு தூங்குவாங்க, எந்தப் பாட்டுக்கு ஆரு முழிப்பாங்கன்னு தெரியும். அதை வச்சுட்டு எந்தக் கம்பெனில வேலை குடுப்பாங்க?

எம்பட ஊட்டுக்காரி மயிலாத்தா பனியன் கம்பெனில செக்கிங் வேலைக்குப் போறா. அங்க ஒரு நாளு ஒரு டாக்டரம்மா வந்து பொம்பளைங்களுக்கெல்லாம் மனசைப் பத்திப் பேசியிருக்குது. அவங்கதான் இந்த ஹெப்சிபா மேடம். நாகர்கோவில் பக்கம். மயிலாத்தா அன்னைக்கே ஒரு சீட்டு வாங்கீட்டு வந்துட்டா. உங்க கைல இருக்கே, அதே மாதிரி சீட்டு. "ஏனுங்க, ஒருக்கா போயிட்டு வரலாமா?"ன்னா. "எனக்கென்னடி கேடு, விசிலுதான் ரிப்பேரு"ன்னேன். அவ போயி பதினோரு விசிலையும் ஒரு தட்டுல வச்சுக் கொண்டு வந்து எம்முன்னால வச்சா. ஒவ்வொண்ணா எடுத்து ஊதுனா. பதினொண்ணும் கேட்டுச்சு. தெருவுல நாயெல்லாம் வந்து நின்னுருச்சு.

சரி, எனக்கு ஒண்ணுமில்லீன்னு அந்த டாக்டரம்மா வாயிலயே சொல்ல வச்சுட்டு வரலாமுன்னு போனேன்.

லாரிக்காரன் ஹாரன் அடிச்சதுக்கு ஏனுங்க இப்படித் தூக்கிப் போடுது உங்களுக்கு? தண்ணி குடிங்க. இந்தாங்க, என் பாட்டில்லயே குடிங்க. உங்க சிநேகிதருக்கும் ஹாரன் ஆகாதுங்களா? இல்ல இல்ல, சும்மா கேட்டேன். நீங்க சொல்ல வேண்டாம்.

மொத நாளு ஒண்ணுமே பண்ண மாட்டாங்க, தெரிஞ்சுக்கங்க. கேள்விதான். தூக்கம் வருதா, சாப்பாடு எப்படி, இதுக்கு முன்னால இந்த மாதிரி எதாச்சும் நடந்துருக்கா, அப்படி. அப்பறம் மனசுக்கு நிம்மதியா இருக்கற ஒரு எடத்தை நெனச்சுக்கச் சொன்னாங்க. நடுவுல மனசு நெம்பக் கலங்குச்சுன்னா அங்க போயி சித்த உக்காந்துக்கலாமுன்னு. நான் ரோசனையே பண்ணாம, "கழுவி விட்ட பஸ்ஸு, மத்தியானம், கடைசி சீட்டு"ன்னுட்டேன். பக்கத்துல மயிலாத்தா உக்காந்திருக்கா. நம்ம ஊட்டைச் சொல்லுவான்னு பாத்திருப்பா போல. பஸ்ஸுல திரும்பி வர்ற வரைக்கும் மூஞ்சி இப்படி இருந்துச்சு.

இன்னொண்ணும் சொன்னாங்க. நடுவுல நிறுத்தோணும்னு தோணுச்சுன்னா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திருவேன்னு. நான் சொன்னேன், "மேடம், எங்க தொழில்ல நிறுத்தறதுக்குக் கையெல்லாம் தூக்கறதில்லீங்க. ஒரு விசில்தான்." அவங்க சிரிச்சுட்டு, "அப்ப அதையே வச்சுக்கலாம், விசிலைக் கொண்டு வாங்க"ன்னாங்க. அதுதான் வர மாட்டீங்குதேன்னு நான் சொல்லல. சொன்னா எனக்கு ஏதோ இருக்குதுன்னு நெனச்சுக்குவாங்க. நாங்களும் ஒரு கெத்தோடதானே போயிருக்கோம். அதுக்குன்னே பன்னெண்டாவது விசிலை வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன்.

அடுத்த தடவைதான் கண்ணு வேலை. எதுக்க உக்காந்துக்குவாங்க. ரெண்டு விரலை மூஞ்சிக்கு நேரா நீட்டி, இடமும் வலமுமா ஆட்டுவாங்க. தலையை ஆட்டாம கண்ணால மட்டும் பாக்கோணும். அவ்வளவுதாங்க வைத்தியம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மழைல நாச்சிமுத்து முன்னால வைப்பரு ஆடுமே, அதே மாதிரி. இதை நான் இருபத்திரண்டு வருசமா ஓசில பாத்துட்டு இருக்கறேன், இதுக்குப் போயி அப்பாயின்மெண்டா?

ஆட்டறதுக்கு முன்னால, அந்த விபத்துல எது நெம்பக் கண்ணு முன்னால நிக்குதோ அதை நெனைக்கச் சொல்லுவாங்க. உங்களைப் பத்தி என்ன தோணுதுன்னு கேப்பாங்க. "நான் ஒரு பொம்பளையை இழுத்துட்டுப் போனவன்"ன்னு வாயில வந்துருச்சு. நானா சொன்னேன்னு எனக்கே தெரியல. சைபர்ல இருந்து பத்துக்குள்ள எவ்வளவு கஷ்டமா இருக்குதுன்னாங்க. பன்னெண்டுன்னேன். "பத்துக்குள்ள சொல்லுங்க"ன்னாங்க. "மேடம், அம்பது சீட்டு பஸ்ஸுல எழுவது பேரு போறதில்லீங்களா? நிக்கற ஆளையும் சேத்துத்தான் கணக்கு"ன்னேன். அவங்க எழுதிக்கிட்டாங்க. பன்னெண்டுன்னுதான் எழுதுனாங்க, நான் எட்டிப் பாத்தேன்.

எதுக்கு மேடம் இந்த விரல்னு கேட்டேன். பொல்லாதது ஒண்ணு திடீர்னு நடந்தா மனசு அதை ஒழுங்கா எடுத்து வைக்காம அப்படியே போட்டுட்டு ஓடிருமாம். அதனால அது பழசாகவே ஆகாதாம், இப்ப நடக்கற மாதிரியே இருக்குமாம். இங்க பத்தரமா உக்காந்து, கண்ணு அங்கயும் இங்கயும் போயிட்டு இருக்கறப்ப, மனசு அதை மறுபடி எடுத்து அடுக்குமாம். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. "மேடம், இது லக்கேஜ் விசயம்"ன்னேன். ஆரோ ஒருத்தன் மூட்டையை நடுவழில போட்டுட்டான். போற வர்றவனெல்லாம் இடறி விழறான். அதைத் தூக்கி மேல கேரியர்ல வச்சுட்டா மூட்டை எங்கயும் போயிறாது, ஆனா கால்ல இடறாது. அந்தம்மா, "இதைவிட நல்லா நானே சொல்ல மாட்டேன், இனி வர்றவங்களுக்கு இப்படியே சொல்றேன்"ன்னுட்டாங்க. உங்ககிட்ட மூட்டைன்னு சொன்னாங்கன்னா அது நாஞ் சொல்லிக் குடுத்ததுங்க. உங்ககிட்டன்னா, உங்க சிநேகிதர்கிட்ட.

ஆட்டுவாங்க, நிறுத்துவாங்க. மூச்சு விடச் சொல்லுவாங்க. "இப்ப என்ன வருது?"ன்னு கேப்பாங்க. மொத தடவை எனக்கு வடை வந்துச்சுங்க. அந்தக் கீழ் கடை வடை. "வடை வருதுங்க"ன்னேன். "சரி, அதோடயே போங்க"ன்னு மறுபடி ஆட்டுனாங்க. வடையோட எங்கீங்க போறது? ஆனா போச்சு. வடையிலிருந்து அதைச் சுத்துன பேப்பரு, பேப்பர்லிருந்து சந்தை, சந்தையிலிருந்து நேரா பிரிவு. நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சுருச்சு. அவங்க விரலு மட்டும் போயிட்டே இருந்துச்சு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கண்ணுல தண்ணி வந்துச்சு. அழுகை இல்லீங்க. அவ்வளவு நேரம் ஒரே விரலைப் பாத்தா ஆருக்கும் வரும். மேல ஃபேன் வேற.

அன்னைக்குக் கடைசில அந்தக் கழுவுன பஸ்ஸுக் கடைசி சீட்டுல மனசாலயே உக்காத்தி வச்சுத்தான் ஊட்டுக்குத் தாட்டி விட்டாங்க. ரெண்டு மூணு நாளைக்குக் கனவு, எரிச்சல் எல்லாம் வரலாம், நெம்ப ஆச்சுன்னா போன் பண்ணுங்கன்னு முன்னாலயே சொல்லீருந்தாங்க. வந்துச்சு. மயிலாத்தாமேல எரிஞ்சு விழுந்தேன். அவ, "டாக்டரம்மா சொன்ன எரிச்சலா, உங்க சொந்த எரிச்சலா?"ன்னு கேட்டா. அதுக்கு மேல எப்படிங்க எரிஞ்சு விழறது?

மூணாந் தடவை. இதைத்தான் நீங்க கேக்கோணும்.

விரலு போயிட்டு வருது. எனக்குப் பிரிவு தெரியுது. அக்கா காலு தெரியுது. ரெண்டு விசிலு. இழுத்துட்டுப் போகுது. எப்பவும் இந்த எடத்துல முருங்கைக்காய் வந்து படம் நின்னுரும். அன்னைக்கு நிக்கல. அக்காவோட கை கம்பில இருந்து நழுவுது, நான் பாக்கறேன். இதுக்கு மேல முடியாது, நிறுத்தீரோணும்னு உள்ளுக்குள்ள கத்தறேன். அப்பத்தான் பீய்ய்ன்னு ஒரு விசில். காதைக் கிழிக்கற மாதிரி. ஒத்தை விசில்.

அந்தம்மா விரலு சட்டுன்னு நின்னுருச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. "ஏனுங்க மேடம், நான் பாட்டுக்குப் பாத்துட்டு இருக்கறேன், நீங்க எதுக்கு விசில் அடிச்சீங்க?"ன்னு கேக்கலாம்னு வாயைத் தொறந்தேன். தொறக்கவும் வாயில இருந்து என்னமோ தொப்புன்னு மடில விழுந்துச்சு.

விசிலு. என்னோட விசிலு. எப்ப பையிலிருந்து எடுத்தேன், எப்ப வாயில வச்சேன், ஒண்ணும் தெரியாது. எட்டு மாசமா எங்கிட்ட ஒரு விசிலும் ஊதலீங்க, அன்னைக்கு ஊதிருச்சு. கீழ பனியன் கடைல இருந்து ரெண்டு பேரு என்னமோ ஏதோன்னு படியேறி ஓடி வந்துட்டாங்க. அந்தம்மா அவங்களைத் தாட்டி விட்டுட்டு வந்து உக்காந்து, மெதுவாக் கேட்டாங்க: "இப்ப என்ன வருது?"

நான் சொன்னேன், "மேடம், நான் அன்னைக்கும் அடிச்சேன்."

அடிச்சேனுங்க. சீலை மாட்டுனதும் ஒத்தை விசில் அடிச்சேன். அதுதான் எனக்கு எட்டு மாசமா ஞாபகமே இல்ல. ரெண்டு அடிச்சது மட்டும் அப்படியே நிக்குது, பின்னாடியே ஒண்ணு அடிச்சது எங்கயோ விழுந்து போச்சு. அந்தம்மா உடனே நம்பவும் இல்ல, நம்பாமயும் இல்ல. "மனசு ஒவ்வொரு சமயம் நமக்கு வேணுங்கறதையும் சேத்துக் காட்டும். உங்களுக்குத் தோணுச்சுன்னா, கூட இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க"ன்னாங்க.

நேரா ஷெட்டுக்குப் போனேன். நாச்சிமுத்து டயருக்குக் காத்துப் பாத்துட்டு இருக்கறான். "நாச்சி, அன்னைக்குப் பிரிவுல நான் ஒத்தை விசில் அடிச்சனா?"ன்னேன். அவன் நிமுந்துகூடப் பாக்கல. "பின்ன? நான் எதுக்கு நிறுத்துனேன், வேண்டுதலா?"ன்னான். "ஏன்டா எட்டு மாசமா எங்கிட்டச் சொல்லல?"ன்னேன். "நீ கேக்கவே இல்லையே"ன்னான். பதினாலு வருசமாப் பேச்சைக் கம்மி பண்ணி வச்சதுக்குக் கெடைச்ச கூலி அது.

பத்தடில நின்னுச்சுன்னா அதுக்கு அந்த ஒத்தை விசில்தான் காரணம். அதுக்காக ரெண்டு அடிச்சது இல்லீன்னு ஆயிறாதுங்க. பின்னால வர்ற பஸ்ஸைப் பாத்துட்டு, படியைப் பாக்காம அடிச்சதும் நாந்தான். நிறுத்துனதும் நாந்தான். ரெண்டும் ஒரே வாயி. இதை அந்தம்மாகிட்டச் சொன்னப்ப விரலை ஆட்டி ஆட்டி அதையே மனசுல நல்லா உக்கார வச்சாங்க. பன்னெண்டு ஆறாச்சு, ஆறு மூணாச்சு. கடைசில ஒண்ணுல நின்னுக்கிச்சு. "அந்த ஒண்ணு இருக்கட்டும் மேடம், அதை எறக்கீட்டா நான் மறுபடி பின்னாலதான் பாப்பேன்"ன்னுட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. இதெல்லாம் ஆளுக்கு ஆளு மாறுமாம், சிலருக்கு நெம்ப நாளாகுமாம். உங்க சிநேகிதரு அவசரப்படாம இருக்கோணும்.

இருங்க, கரட்டுப்பாளையம் பிரிவு. பாத்து இறங்கோணும்.

வந்துட்டேன். இதாங்க அந்த எடம். பாத்தீங்களா, சாதாரண ரோடுதான். நான் முன்னயெல்லாம் இந்த எடம் வந்தா குனிஞ்சு சில்லறை எண்ணிட்டு இருப்பேன்.

அஞ்சாந் தடவைக்கும் ஆறாந் தடவைக்கும் நடுவுல பழனாத்தாக்கா தோட்டத்துக்குப் போனேன். அந்தம்மா போகச் சொல்லல, நானாத்தான் போனேன். அது வரைக்கும் ஒருக்காகூடப் போயிப் பாக்கலீங்க. வேலை இருந்துச்சு. பஸ்ஸு கழுவறது என்ன லேசான வேலையா? அக்கா கைத்தடி ஊனிட்டு மரத்தடில நின்னுட்டு இருந்துச்சு. என்னைப் பாத்துது. நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நின்னேன்.

அப்பப் புடிச்சுதுங்க திட்டறதுக்கு. "ஏன்டா, காலை முறிச்சுப் போட்டுட்டு எட்டிப் பாக்கக் கூட உனக்கு வக்கில்லையாடா? ஒரு பன்னுப் பொட்டணம் வாங்கீட்டு வந்து எட்டிப் பாத்தா உம்பட கிரீடம் எறங்கீருமா? ஊர்ல அத்தனை சனம் வந்துட்டுப் போச்சு, டிரைவரு ஆறு தடவை வந்தான், நீ எங்கடா போயித் தொலைஞ்சே?" என் பரம்பரையே வந்துருச்சு அந்தத் திட்டுல. எங்கப்பன், எங்கப்பனைப் பெத்தவன், ஒருத்தரையும் விடல. நான் நின்னு முழுசாக் கேட்டேன். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா? அந்த ஒண்ணுக்குத்தானே பத்து மாசமாக் காத்துட்டு இருந்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அங்க ஃபேன் இல்லீங்க. காத்து அடிச்சுது.

திட்டி முடிச்சுட்டு அந்தக்கா சொல்லுச்சு, "இழுத்துட்டுப் போறப்ப என் கதை முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். உன் விசில் கேட்டுச்சு. அப்பத்தான், சரி, வெள்ளியங்கிரி பாத்துட்டான், இனி வண்டி நின்னுரும்னு மூச்சே வந்துச்சு." சொல்லீட்டு ஒரு கட்டு முருங்கைக்காயைக் கைல திணிச்சுது. ஊட்டுக்குக் கொண்டு வந்து குடுத்தேன். மயிலாத்தா என்னையும் பாத்தா, காயையும் பாத்தா, நறுக்கி அடுப்புல வச்சா. ரெண்டு தட்டுச் சோறு. சூடெல்லாம் பிடிக்கலீங்க.

மாசி கடைசில பஸ்ஸுல ஏறுனேன். இதெல்லாம் அந்த வைத்தியத்தாலன்னு நான் சொல்ல வரலீங்க. அந்தம்மா என்ன பண்ணுச்சு, ரெண்டு விரலை ஆட்டுச்சு. பாத்தது நானு, விசில் அடிச்சது நானு, தோட்டத்துக்குப் போனது நானு. எனக்கு ஒண்ணும் இல்லீன்னு மொதல்லயே சொன்னனுங்களே. விசிலுதான் ரிப்பேரு. எங்க கம்பெனில மூணு பேரை இது வரைக்கும் அங்க தாட்டி விட்டிருக்கறேன், எல்லாம் அவங்கவங்க பொண்டாட்டி நிம்மதிக்காக.

வாட்டர் டேங்க்! வாட்டர் டேங்க் இறங்கு!

ஏனுங்க, உங்க ஸ்டாப்பு வந்துருச்சு. எந்திரிங்க. என்னது? பஸ் ஸ்டாண்டுல இறங்கி, இன்னொரு நாளைக்குப் போயிக்கறீங்களா? அதெப்படிங்க? டிக்கெட்டு வாட்டர் டேங்குக்குத்தானே எடுத்தீங்க? அதுக்கு மேல ஒரு அடி நான் ஏத்தீட்டுப் போக மாட்டேன். செக்கிங் ஏறுனா உங்க சிநேகிதரா வந்து பதில் சொல்லுவாரு? புது டிக்கெட்டா? புது டிக்கெட்டெல்லாம் இல்லீங்க, மெஷினு மக்கரு. இப்பத்தான் ஆச்சு.

டேய் நாச்சி, எவன்டா உன்னைய எடுக்கச் சொன்னது? இருடா!

கேட்டீங்களா ஒத்தை விசிலு? நின்னுருச்சு பாருங்க. நீங்களும் அங்க உள்ள எப்ப வேணும்னாலும் இப்படி நிறுத்தலாம். நீங்க நிறுத்துனா அந்தம்மா நிறுத்திருவாங்க, நான் கண்ணால பாத்தவன். வாங்க. கம்பியைப் புடிச்சுக்கங்க. மொதல்ல ஒரு காலு. இன்னொரு காலு. பேண்டு எங்கயும் மாட்டல. இறங்கியாச்சு, அவ்வளவுதான்.

அதா, பனியன் கடை. பக்கத்துல சந்து மாதிரி இருக்குது பாருங்க, அதான் படி. அது டீக்கடைங்க, அங்க திரும்பாதீங்க! எனக்குத் தெரியாதா அந்த டீ? வந்து குடிச்சுக்கலாம். பின்னால வர்ற பஸ்ஸுதானே, ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான், முந்தட்டும். உள்ள ஆரும்மா அது கத்தறது? ஆபீசுக்கு லேட்டுன்னா லேட்டுதான், இது லேட்டு பஸ்ஸு.

ஏறுங்க, ஏறுங்க. நான் இங்க கீழதான் நிக்கறேன். நீங்க கதவைத் தொறந்து உள்ள போற வரைக்கும் இந்த பஸ்ஸு நகராது.